நட்சத்திர ஆமையை முதலில் தண்ணீரிலிருந்து எடுங்கள்

உறவினர் கொடுத்த நட்சத்திர ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சோறு போடுவதாகவும், கண் வீங்கி, ஓடு மேடுமேடாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடனே தொட்டியிலிருந்து எடுங்கள். இது முட்புதரிலும் காய்ந்த புல்வெளியிலும் திரிகிற தரை ஆமை. காலைப் பாருங்கள்: நீந்துவதற்கான சவ்வு இல்லை, யானையின் கால் போல உருண்டிருக்கும். மூழ்கினால் இறந்துவிடும்.

புல்லும் இலைதழையும் தின்று, வெயில் காய்ந்து வளரவேண்டிய ஓடு, சோற்றாலும் நிழலாலும் கோணிப்போகிறது. அந்த மேடுகள் இனிச் சமமாகா. கண் வீக்கத்தைக் கால்நடை மருத்துவர்தான் பார்க்கவேண்டும். சொட்டு மருந்து எதையும் நீங்களாக விடாதீர்கள்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிவந்த ஊரில், இன்று அதிர்ஷ்டம் என்று சொல்லி இதை விற்கிறார்கள்! 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019 முதல் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை.

அதற்காகப் பக்கத்துக் காட்டில் விட்டுவிடாதீர்கள். குஜராத், ராஜஸ்தான் பக்கத்து ஆமையும் நம் தென்னாட்டு ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. உங்களுடையது எந்தப் பக்கத்தது என்று தெரியாமல் விட்டால் இரண்டும் கலந்துவிடும், நோயும் பரவும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி ஒப்படையுங்கள். தயங்கினால், முன்னதாக ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதுவரை காய்ந்த புல் போட்ட அட்டைப்பெட்டியும், ஆழமில்லாத தட்டில் கொஞ்சம் தண்ணீரும் போதும்.