பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை ஆசிரியர் டேவிட் ஹெப்வொர்த் அப்படி என்ன சாதித்தார்? அவரை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பலருக்கு ஹெப்வொர்த் அறிமுகமாவது, பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த லைவ் எய்டு இசை நிகழ்ச்சியின் வீடியோவில்தான். அதை ஏற்பாடு செய்த பாடகர் பாப் கெல்டாஃப் பொறுமை இழந்து கத்துகிறார், கூடவே ஒருவர் நிதானம் தவறாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் இவர். ஆனால் அந்தச் சில நொடிகளை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை. பிரிட்டனின் பத்திரிகைக் கடைகளில் 1980-களிலும் 90-களிலும் அடுக்கியிருந்த இதழ்களைப் பாருங்கள்: ஸ்மாஷ் ஹிட்ஸ், ஜஸ்ட் செவன்டீன், க்யூ, எம்பயர், மோஜோ, ஹீட். இவற்றில் ஸ்மாஷ் ஹிட்ஸ் மட்டும் அவர் தொடங்கியதல்ல. மற்ற எல்லாவற்றின் தொடக்கத்திலும் அவர் கை உண்டு. இசை ஞானத்தில் அவரை மிஞ்சியவர்கள் அன்றைய லண்டனில் எத்தனையோ பேர். எந்த வாசகருக்கு இன்னும் ஒரு பத்திரிகை இல்லை என்று கண்டுபிடிப்பதில்தான் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

1950-இல் யார்க்‌ஷயரில் உள்ள டியூஸ்பரியில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் ஹெச்எம்வி ரெகார்டு கடையில் வேலை. பிறகு பெசர்க்லி என்ற சிறிய இசை நிறுவனத்தில் பத்திரிகைத் தொடர்பு வேலை. இடையிடையே நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ், சவுண்ட்ஸ் ஆகிய வார இதழ்களுக்கு எழுதினார். இதில் கடை அனுபவத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். விமர்சகர்கள் எதைப் புகழ்கிறார்கள் என்பது ஒன்று, சனிக்கிழமை மதியம் கவுண்டருக்கு எது வருகிறது என்பது வேறொன்று. அந்த இடைவெளியை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

ஸ்மாஷ் ஹிட்ஸை 1978-இல் தொடங்கியவர் நிக் லோகன். நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸின் முன்னாள் ஆசிரியர் அவர். பீட்டர்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஈமேப் நிறுவனம் வெளியிட்டது. ஹெப்வொர்த் 1979-இல் சேர்ந்து, பிறகு ஆசிரியரானார். அப்போது அது பாதி பத்திரிகை, பாதி பாட்டுப் புத்தகம். ஹிட்டான பாடல்களின் வரிகளை வண்ணப் படங்களோடு அச்சடிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது, செய்வதில்தான் சிக்கல். பாட்டு வரியை இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் பதிப்புரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர், அனுமதி தந்தவர் பெயர், இசைத்தட்டு நிறுவனம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். அடுத்தது நேரம். பாடல்களின் விற்பனைத் தரவரிசையோ வாராவாரம் செவ்வாய்க்கிழமை மதியம் பிபிசி ரேடியோ 1-இல் மாறிவிடும், இதழோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இன்று ஹிட்டாக இருப்பதைப் போட்டால் கடைக்கு வரும்போது பழசாகியிருக்கும். எனவே இன்னும் ஹிட்டாகாத பாட்டை முன்கூட்டியே கணித்துப் பக்கம் ஒதுக்க வேண்டும். கணிப்பு தப்பினால் அந்தப் பக்கம் வீண்.

வார இதழ்களிலிருந்து வந்தவர்கள் இந்த வேலையைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். அது தவறு. பதின்ம வயதுப் பிள்ளைக்கு எழுதுவது தத்துவம் பேசுவதைவிடக் கடினம். ஒரு பத்தி அலுப்புத் தட்டினால் அந்தப் பிள்ளை பக்கத்தைப் புரட்டிவிடும், மரியாதைக்காகப் படிக்காது. படத்துக்குக் கீழே போடும் ஒற்றை வரிக்குக்கூட அங்கே கட்டுரைக்குச் சமமாக மெனக்கெட்டார்கள். பெட் ஷாப் பாய்ஸின் நீல் டெனன்ட், பாடகராவதற்கு முன் அங்கே உதவி ஆசிரியராக இருந்தவர்.

ஸ்மாஷ் ஹிட்ஸை வாங்கிய பெண் பிள்ளைகளுக்கு இசையைத் தவிர வேறு விஷயங்களும் படிக்க வேண்டியிருந்தன. அங்கிருந்து 1983-இல் பிறந்ததுதான் ஜஸ்ட் செவன்டீன். ஏற்கெனவே கையில் இருக்கும் வாசகரைக் கவனித்து அடுத்த இதழைத் தொடங்கும் வழி இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

தொலைக்காட்சிக்கு அவரைக் கொண்டுசேர்த்ததும் பத்திரிகைதான். பிபிசி 2-இல் 1971 முதல் ஒளிபரப்பான ‘தி ஓல்டு கிரே விசில் டெஸ்ட்’ இசை நிகழ்ச்சியில் 80-களில் ஹெப்வொர்த் தொகுப்பாளரானார். ஸ்மாஷ் ஹிட்ஸில் அவருக்குப் பின் ஆசிரியரான மார்க் எலனும் அதில் சேர்ந்தார். 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்டு நிகழ்ச்சியை பிபிசி வெம்ப்ளியிலிருந்து நேரடியாகக் காட்டியபோது, மாறி மாறித் தொகுத்தவர்களில் இந்த இருவரும் உண்டு. மேடை மூன்று பகுதியாகச் சுழலக்கூடியது. ஒரு குழு வாசிக்கும்போதே அடுத்த குழுவின் கருவிகள் பின்னால் தயாராகும். அப்படியும் விழும் இடைவெளிகளைப் பேட்டியாலும் நன்கொடை விவரங்களாலும் நிரப்புவது தொகுப்பாளரின் பொறுப்பு. ஹெப்வொர்த் அஞ்சல் முகவரியைச் சொல்ல ஆரம்பித்ததும் கெல்டாஃப் குறுக்கிட்டார். கெட்ட வார்த்தை ஒன்றைப் போட்டு, முகவரியை விட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுக்கச் சொன்னார். ‘பணத்தைக் கொடுங்கடா’ என்று கெட்ட வார்த்தையோடு அவர் கத்தியதாக ஊரெல்லாம் சொல்கிறதே, அப்படி அவர் சொல்லவே இல்லை. பதிவைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். விஷயத்தில் கெல்டாஃப் பக்கம்தான் நியாயம். கடிதம் எழுத நினைப்பவர் மறுநாள் மறந்துவிடுவார், தொலைபேசியை எடுப்பவர் அந்த நிமிடமே தொகையைச் சொல்லிவிடுவார்.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் கவர்ந்த பகுதி க்யூ. 1986 அக்டோபர் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் பால் மெக்கார்ட்னி. ஆசிரியர் மார்க் எலன், பின்னணியில் ஹெப்வொர்த். அன்றைய இசை வார இதழ்கள் மலிவுத் தாளில், புதுக் குழுக்களைப் பற்றி, கல்லூரி மாணவர்களுக்காக எழுதின. முப்பது வயது தாண்டியவருக்கு அவற்றில் இடமில்லை. ஆனால் லைவ் எய்டு மேடையில் கூட்டத்தை ஆட்டிவைத்தவர்களில் பழைய ஆட்கள் எத்தனை பேர்! அதே நேரத்தில் சி.டி. வந்துவிட்டது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழுவின் 1985 ஆல்பம் சி.டி. வடிவில் பத்து லட்சம் பிரதி விற்றது. சி.டி. பிளேயர் வாங்கும் வசதி சம்பளக்காரர்களிடம்தான் இருந்தது. அவர்கள் புது ஆல்பம் வாங்கியதோடு, ஏற்கெனவே இசைத்தட்டாக வைத்திருந்ததையே சி.டி.யாக மறுபடி வாங்கினார்கள்.

எனவே க்யூவின் முதுகெலும்பு அதன் விமர்சனப் பகுதி. ஐந்து நட்சத்திர மதிப்பீடு, புது ஆல்பத்தோடு மறுவெளியீடுகளுக்கும் சம இடம், காசு கொடுத்து வாங்கலாமா வேண்டாமா என்று கடைக்குப் போகிறவருக்கு உதவும் நடை. மாத இதழால் செய்தியில் வார இதழோடு போட்டிபோட முடியாது, ஆகவே போட்டியே போடவில்லை. நீண்ட பேட்டி, நல்ல தாள், நல்ல புகைப்படம் என்று போனார்கள். அட்டையையும் உற்றுப் பாருங்கள். சிவப்புச் சதுரத்தில் வெள்ளை எழுத்து, இடது மேல் மூலையில். கடை அலமாரியில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும், அப்போது தெரிவது பெரும்பாலும் அந்த இடது ஓரம்தான். ரெகார்டு ஊசி வைக்கும் ‘கியூ’ என்ற சொல்லையே முதலில் பெயராக வைக்க நினைத்தார்கள். ஸ்னூக்கர் பத்திரிகை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினார்கள். அதே அச்சைச் சினிமாவுக்கு மாற்றியது 1989-இல் எம்பயர். பழைய இசையை ஆழமாகத் தோண்டுபவர்களுக்கு 1993-இல் மோஜோ.

இந்த முறைக்குப் பலவீனமும் உண்டு. விற்கும் முகம் எது என்று தெரிந்துவிட்டால் ஆசிரியர்கள் அதையே மறுபடி மறுபடி அட்டையில் போடுவார்கள். பழைய இசை இதழ்கள் எல்லாவற்றையும் இந்த நோய் பிடித்தது. கிட்டார் வைத்த வெள்ளைக்கார ஆண்கள் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள் என்ற விமர்சனமும் சரியானதுதான். ஹீட் இன்னொரு வகைப் பாடம். 1999-இல் எல்லாருக்குமான பொழுதுபோக்கு வார இதழாக வந்தபோது விற்கவில்லை. எல்லாருக்கும் என்றால் குறிப்பாக யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது. மார்க் ஃபிரித் ஆசிரியராகி, பிரபலங்களின் அன்றாடத்தை ரசிக்கும் இளம்பெண்களை நோக்கித் திருப்பிய பிறகுதான் பிழைத்தது.

ஈமேப்பிலிருந்து வெளியே வந்து, சகாக்களுடன் டெவலப்மென்ட் ஹெல் என்ற சிறு நிறுவனம் தொடங்கி, 2003-இல் தி வேர்ட் இதழைக் கொண்டுவந்தார். ஆசிரியர் மறுபடியும் எலன். அதே ஆண்டில் ஹெப்வொர்த் சொல்லிப் பிரபலமானதுதான் ‘ஐம்பது பவுண்டு ஆசாமி’ என்ற பெயர். வேலை முடிந்து கடைக்குள் நுழைந்து, ஒன்றிரண்டு சி.டி., ஒரு டி.வி.டி., ஒரு புத்தகம் என ஐம்பது பவுண்டை ஒரே மூச்சில் செலவழிக்கும் நடுவயதுக்காரர். தி வேர்ட் அவருக்கான இதழ். எழுத்து அருமை, வாசகர்களும் உயிராக இருந்தார்கள். ஆனால் அந்த ஆசாமி நுழைய வேண்டிய கடைகளே மறையத் தொடங்கின. இசை கணினிக்குப் போனது, நிறுவனங்களின் விளம்பரமும் பின்னாலேயே போனது. 2012-இல் தி வேர்ட் நின்றது. அடுத்த ஜனவரியில் ஹெச்எம்வி கடைகளின் நிறுவனமே நொடித்துப்போய், திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது.

இதழ் போனாலும் 2006-இல் தொடங்கிய அதன் பாட்காஸ்ட் நிற்கவில்லை. இருவரும் ‘வேர்ட் இன் யுவர் இயர்’ என்ற பெயரில் இன்றும் பேசுகிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். 1971-ஆம் ஆண்டின் ராக் இசையை மாதம் மாதமாகச் சொல்லும் ‘நெவர் எ டல் மொமென்ட்’ முதலில். 2016-இல் வந்தது. அந்த ஆண்டே சிறந்தது என்ற வாதத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அப்போது அவருக்கு வயது 21 என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். கூடவே ஒவ்வொரு அத்தியாயத்திலும் குறிப்பிடும் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே போங்கள், வெறுமனே படித்தால் பாதிதான் கிடைக்கும். அடுத்து ‘அன்காமன் பீப்பிள்’. ஆண்டுக்கு ஒரு நட்சத்திரம், அவர் வாழ்வில் ஒரு நாள் என்ற கட்டமைப்பு என்பதால் நடுவிலிருந்தும் படிக்கலாம். ஆசிரியராக அவரைப் பார்க்க வேண்டுமென்றால் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கும் 80-களின் தொடக்கத்து ஸ்மாஷ் ஹிட்ஸ் இதழ் ஒன்றை எடுங்கள். பேட்டிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படக்குறிப்புகள், வாசகர் கடிதங்களுக்கான பதில்கள், பாட்டுக்குக் கீழே உள்ள பொடி எழுத்து, இவற்றை முதலில் படியுங்கள்.