முதலில் ஒரு பெட்டி தாவட்டும்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 36. பதினோரு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை. பகல் முழுக்க எக்செல். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வீடியோ கேம். அப்போதுதான் உயிரே வருகிறது. வேலையை விட்டுவிட்டு கேம் உருவாக்கும் துறைக்குப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். மனைவி, “இந்த வயசில் என்ன விளையாட்டு?” என்கிறார். வயது தாண்டிவிட்டதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வயது ஒரு பொருட்டே இல்லை, அதை விடுங்கள். விளையாடுவதைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், எதையாவது செய்து பார்த்ததாக ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

விளிம்பிலிருந்து தாவும் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கால் விளிம்பைத் தாண்டிய பிறகு பட்டனை அழுத்தினால் நியாயப்படி அது விழ வேண்டும். ஆனால் பல கேம்களில் தாவிவிடும். விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஓடும் கேமில் ஆறு ஃபிரேம் சலுகை கொடுத்தால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ‘கயோட்டி டைம்’ என்பார்கள். நமக்குத்தான் கை வேகம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்! அந்தச் சலுகை நான்கா, ஆறா, எட்டா என்று மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்ப்பதிலேயே ஒருவருக்கு முழு நாளும் போய்விடும். இதைப் படிக்கும்போது கை பரபரக்கிறதா, கொட்டாவி வருகிறதா?

நானும் ஒருமுறை கேம் செய்ய முயன்றேன். பொம்மைக்குப் பதிலாகத் திரையில் நான் வைத்த பெட்டி தரையில் நிற்காமல் ஊடுருவிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. விழும் வேகம் அதிகம். ஒரு ஃபிரேமில் தரைக்கு மேலே, அடுத்த ஃபிரேமில் கீழே. நடுவில் தரை இருந்ததே அதற்குத் தெரியவில்லை. காரணம் பிடிபட்ட ராத்திரி அவ்வளவு சந்தோஷம். ஆனால் மறுநாள் திறக்கவே தோன்றவில்லை. அதிலிருந்து விளையாடுவதோடு சரி.

எரிக் பரோன் தனி ஆளாக நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து 2016-இல் ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற கேமை வெளியிட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். இடையில் அவர் தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்ததையும், காதலியின் சம்பளம் கைகொடுத்ததையும் சொல்ல மறந்துவிடுவார்கள். உங்கள் மனைவி கேட்பதும் விளையாட்டைப் பற்றியல்ல, மாதச் செலவைப் பற்றி என்றே நினைக்கிறேன். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் மட்டும் 1,900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதனால் ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம்.

அப்புறம், எக்செல்லை இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். அரக்கனைக் கொன்றால் எத்தனை தங்கம், வாள் என்ன விலை என்பதையெல்லாம் அப்படிப்பட்ட கட்டங்களில்தான் போட்டுப் பார்க்கிறார்கள். கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டால் பத்து மணி நேரத்தில் ஆட்டக்காரர் பணக்காரர். அதன்பின் கடைக்கு வேலையில்லை. வரவு செலவு தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு.

கொடோ என்ற கேம் இன்ஜின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருள், இலவசம். விளையாடும் நேரத்தில் பத்து ராத்திரி அதைத் திறந்து, ஒரு பெட்டியைத் தாவ வையுங்கள். தாவியதும் மனைவி கையில் கொடுங்கள். அவர் எங்கே விழுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.