சிறப்புத் திருமணச் சட்டம் இருந்தும் காதலர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

"சட்டம்தான் சாதி, மதம் பார்ப்பதில்லையே, பிறகென்ன பயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே மணமுடிக்கும் முன் காத்திருக்க வேண்டிய அந்த 30 நாளில்தான். 1954-ஆம் ஆண்டின் இந்தச் சட்டப்படி விண்ணப்பித்ததும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்லலாம் என்று பதிவு அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் அதில் இருக்கும். பத்திரம் பதிய வந்த பக்கத்துத் தெருக்காரர் கண்ணில் பட்டால் போதும், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். தண்டோரா போடாத குறைதான்.

இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் வேறு வழி உண்டு: 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம். புரோகிதர் வேண்டாம், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலே செல்லும். ஊரறிய நடத்தத் தேவையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதம் மாறாமல் கலப்பு மணம் செய்பவர்கள்தான் பாவம், அந்த 30 நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.