முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள்: செட்டிநாட்டு வாசகர்களின் வேதாகமக் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கல்லல் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. எழுதியவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபையாரும் உண்டு. பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான். அதில் வியப்பில்லை, இயேசுவும் பணத்தைப் பற்றி நிறையவே பேசினார். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் செய்த மரச்சாமானுக்குச் சாயம் ஏற்றி, பழைய வீட்டிலிருந்து வந்தது என்று விற்கிறார்கள். நான் பொய் சொல்வதில்லை. யாராவது கேட்டால் சிரித்துவிட்டு முதலாளியைக் கை காட்டிவிடுவேன். இது போதுமா ஐயா?

போதாது தம்பி. அந்தச் சிரிப்பும் விற்பனையில் சேர்த்திதான். வாங்க வந்தவர் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" (மத்தேயு 5:37) என்பதை நாம் தனியாக மனப்பாடம் செய்துவிட்டோம். அதற்கு முந்தைய வசனங்களைப் பாருங்கள், அது ஆணையிடுவதைப் பற்றிய பேச்சு. வானத்தின் மேல், பூமியின் மேல், எருசலேமின் மேல் என்று சத்தியம் செய்தார்கள். எதன் மேல் செய்தால் கட்டுப்படுத்தும், எதன் மேல் செய்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்றுகூடக் கணக்கு வைத்திருந்தார்கள் (மத்தேயு 23:16-22). "நான் வாயால் சொல்லவில்லையே" என்பதும் அப்படி ஒரு சந்துதான்.

அதற்காக வேலையை நாளைக்கே விடச் சொல்லவில்லை. முதலாளி தனியாக இருக்கும்போது பேசுங்கள். பழசுக்கு ஒரு சீட்டு, பழைய மாடலில் செய்த புதுசுக்கு ஒரு சீட்டு என்று ஒட்டலாமே எனக் கேளுங்கள். பழைய மாதிரியில் புதிதாகச் செய்து, அப்படியே சொல்லி விற்பதில் தப்பே இல்லை. ஆத்தங்குடியில் பழைய பூ டிசைனில் இன்றைக்கும் டைல்ஸ் போடுகிறார்கள். புதுக்கல் என்று தெரிந்தே ஊரெல்லாம் வாங்கிப் போகிறது. முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால், நேராகக் கேட்பவருக்கு நேராகப் பதில் சொல்ல மட்டுமாவது அனுமதி வாங்குங்கள். அதுவும் நடக்காது என்றால் வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள். நஷ்டம் வராது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், வரும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கடையில் விற்பதை மட்டும் பார்க்காதீர்கள், சரக்கு வாங்குவதையும் பாருங்கள். வாங்குகிறவன் நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போனபிறகு மெச்சிக்கொள்வான் என்கிறது நீதிமொழிகள் 20:14. வயதான ஒருவர் எனாமல் தூக்கையும் பித்தளை விளக்கையும் தூக்கிக்கொண்டு வருகிறார். "இதையெல்லாம் இப்ப யாரு வாங்குறா" என்று சொல்லி எடைக்குப் போட வைக்கிறோம். மறுநாள் அதே விளக்கு கண்ணாடி அலமாரியில். அந்த நீதிமொழியைச் சொன்னவர் நம் கடைத்தெருவுக்கு வந்துபோயிருப்பாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கேள்வி: சங்கீதம் 91ஐ அச்சிட்டு வண்டியில் ஒட்டியிருக்கிறேன். பாதுகாப்பு உண்டுதானே?

ஒட்டிக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தேவாலய உப்பரிகையில் நின்று பிசாசு இயேசுவிடம் எடுத்துச் சொன்னது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதியும் என்று. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில் (மத்தேயு 4:5-7).

கேள்வி: வீட்டுக்காரர் தவறிய பிறகு வந்த பணத்தை அக்கம்பக்கத்தில் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. வட்டி வாங்குவது பாவம் என்று சபையில் ஒரு அம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெபம் பண்ணவே மனம் வரவில்லை.

ஜெபத்தை விடாதீர்கள் அம்மா. மனம் கலங்கி வந்தவர்களின் ஜெபம் சங்கீதங்களில் நிறைய இருக்கிறது.

அந்த அம்மா சொன்னதற்கு வேதத்தில் இடம் உண்டு: யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:35-37, உபாகமம் 23:19. ஆனால் முதல் இரண்டிலும் கடன் வாங்குகிறவர் யார் என்று கவனியுங்கள். ஏழை, கை இளைத்துப் போனவன். பிழைப்புக்கு வழியில்லாமல் வாங்குகிற கடன் அது. அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று உபாகமம் 23:20 சொல்கிறது. சபை பல நூற்றாண்டுகள் எல்லா வட்டியையும் தவறென்றே சொல்லி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் ஏழையின் கடனையும் தொழில்காரரின் கடனையும் பிரித்துப் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அடுத்தவர் பசியில் லாபம் பார்க்காதே என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த சனங்களே நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்து, பிள்ளைகளை அடிமையாக விடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, சொந்தச் சகோதரர்கள். அப்போது ஆளுநராயிருந்த நெகேமியா திருப்பிக் கொடுக்கச் சொன்ன வட்டி நூற்றில் ஒரு பங்கு. அதை மாதக் கணக்கு என்று விளக்குகிறவர்கள் பலர். நம் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி! உங்கள் இரண்டு ரூபாய், வருடத்துக்கு நூற்றுக்கு 24 ஆகிறது.

எனவே பணம் கேட்டு வருகிறவரிடம் எதற்கு என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு, அரிசிக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்றால், முடிந்த சிறு தொகையை வட்டியில்லாமல் கொடுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், அது பாவமில்லை. மாவரைக்கிற திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது அவன் பிழைப்பு என்கிறது உபாகமம் 24:6. யாருடைய ரேஷன் அட்டையோ ஏடிஎம் அட்டையோ உங்கள் பீரோவில் இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். விதவையின் வஸ்திரத்தை அடகாக வாங்காதே என்று அதே அதிகாரம் சொல்வது (24:17) உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் தொழிலாக வட்டிக்கு விடுவதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வரவு குறைந்தாலும் பரவாயில்லை, பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டி அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடுவது உங்களுக்கு நிம்மதி. வாங்கப் போகிற சண்டையும் மிச்சம்.

கேள்வி: கல்யாணத்துக்கு மொய் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், திருப்பியும் செய்யலாம். பத்திரிகை கொடுக்கும் பட்டியலை எழுதும்போது மட்டும், திருப்பிச் செய்ய முடியாத ஏழைகளை விருந்துக்கு அழை என்று இயேசு சொன்ன லூக்கா 14:12-14ஐப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டில் பெயர் வரவே வராத நான்கு குடும்பங்களாவது பந்தியில் உட்காரட்டும். கடைசிப் பந்தியில் அல்ல.

கேள்வி: பக்கத்து வீட்டு ஆச்சி பூசை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்புகிறார். வாங்கவே கூடாது என்கிறார் மாமியார். எனக்குப் பிரசவமானபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அந்த ஆச்சி. என்ன செய்வது?

பவுல் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 8லிருந்து 10 வரை மூன்று அதிகாரம் எடுத்துக்கொண்டார். விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பாடு நம்மைத் தேவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று தொடங்குகிறார். கடையில் விற்கிறதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் சாப்பிடாதிருங்கள் என்கிறார் (10:25-28). பவுல் பண்டத்தைவிட ஆளைத்தான் அதிகம் பார்க்கிறார்.

உங்கள் வீட்டில் இடறலுக்கு உள்ளாகிறவர் உங்கள் மாமியார். பவுலின் வார்த்தையில் பலவீனமான மனச்சாட்சி. (தயவுசெய்து இதை அவரிடம் இதே வார்த்தையில் சொல்லிவிடாதீர்கள்.) அவருக்காக வீட்டில் சாப்பிடாமல் இருங்கள். ஆனால் வாசலில் முகத்தைத் திருப்புவதும், வாங்கி வைத்து ஆச்சி போனதும் குப்பையில் கொட்டுவதும் கூடாது. அப்படிக் கொட்டுவது பொய். "ஆச்சி, சாமிக்குப் படைச்சதை எங்க வீட்டில சாப்பிடறதில்லை, தப்பா நினைக்காதீங்க. படைக்கிறதுக்கு முந்தி ஒரு கிண்ணம் எடுத்து வச்சீங்கன்னா நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கவுச்சி புழங்காத நாள், விரத நாள் என்று கணக்குப் பார்க்கிற வீட்டில் இது சட்டென்று புரியும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கேக் கொடுக்கும்போது முட்டை சேர்க்காததாகப் பார்த்துக் கொடுங்கள். அவர் மனச்சாட்சியும் மனச்சாட்சிதானே.

கேள்வி: வருடப்பிறப்பு ஆராதனையில் எங்களுக்கு எரேமியா 29:11 (உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம்) இந்த வருடத்துக்கான வாக்குத்தத்தமாகக் கிடைத்தது. மகன் சிங்கப்பூர் போய் மாதங்கள் ஆகியும் சரியான வேலை அமையவில்லை. வாக்குத்தத்தம் எங்கே போயிற்று?

வாக்குத்தத்த அட்டையில் அச்சிடுகிறவர்கள் 11ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 10ஐ விட்டுவிடுகிறார்கள். அதில் 70 வருடம் என்று இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகம் பேர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொருவன் இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று தீர்க்கதரிசனம் சொன்னான். கேட்க இனிப்பாக இருந்தது. கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அப்படியானால் அந்தக் கடிதம் என்ன செய்யச் சொல்கிறது? 5 முதல் 7 வரை பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆளை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த ஊர்கள் நம்முடையவை, இது நமக்குப் புதிதல்ல. மகனிடம் பேசும்போது எப்போது வேலை கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். நன்றாகச் சாப்பிடுகிறானா, யாரோடு தங்கியிருக்கிறான், ஏஜென்ட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் உண்டு, ஒன்றைத் தேடிப் போகச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்புவதுதான் நல்லது என்று ஆகிவிட்டால், அதையும் தோல்வி என்று பேசாதீர்கள்.

கேள்வி: ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் வாசிக்கும் திட்டத்தில் இருக்கிறேன். மூடி வைத்ததும் எதுவும் நினைவில் இல்லை.

நம் வேதாகமத்தில் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்றுக்கு மேல் ஓட வேண்டும், எப்படி நிற்கும்? இந்த வருடம் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யாக்கோபு நிருபத்தை எடுங்கள், ஐந்தே அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. யார் யாருக்குச் சொன்னது, அவர்களுக்கு அப்போது என்ன பிரச்சினை, இன்று எனக்கு எந்த ஆளிடம் இது பொருந்தும்? இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவதற்கு ஒரு பெயர் வர வேண்டும். "எல்லோரிடமும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்று அர்த்தம். பழைய தமிழ் கடினமாக இருந்தால் 1995இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குத் தவறாமல் கொடுக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, இப்போது கண்புரை ஆபரேஷன் வேறு. அண்ணன் செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன். கர்த்தருக்கு உரியதில் கை வைக்கலாமா?

இந்தக் கேள்வி ஏறக்குறைய இதே வடிவில் இயேசுவின் முன்னால் வந்தது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று போதித்தவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7:9-13). தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதியிருப்பதும் (1 தீமோத்தேயு 5:8) விதவைகளான தாய்மாரைப் பற்றிப் பேசும் இடத்தில்தான். தசமபாகச் சட்டத்தைத் திறந்தாலும், மூன்றாம் வருடத்துப் பங்கு ஆலய ஊழியம் செய்த லேவியனோடு பரதேசிக்கும் (வெளியிலிருந்து வந்து தங்கியவனுக்கும்) திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போகிறது (உபாகமம் 14:28-29).

அண்ணன் கணக்கை அண்ணனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் வசதியில்லாதவர்களுக்குக் கட்டணமில்லாமலும் கண்புரை அறுவை சிகிச்சை செய்கிறார்கள், அம்மாவைக் கூட்டிப் போங்கள். போதகரிடம் மறைக்காமல், கொஞ்ச நாளைக்குக் காணிக்கை குறையும், காரணம் இது என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் மாற்கு 7ஐ அவரோடு சேர்ந்தே வாசியுங்கள்.