தலைவலிக்கு மாத்திரை வேண்டாம், டியூபைப் பாருங்கள்

கேள்வி: பெயின்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அண்ணனுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. திருச்சி பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். திடீர் திடீரென்று தலை பிளக்கிறது என்கிறார். முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது, பி.பி. 170. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கால் தானாக உதறுகிறது, சிறுநீரும் கலங்கல். நெட்டில் பக்கவாதம் என்று போட்டிருக்கிறது. முகாம்காரர்களை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்ப்பார்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் குடியுரிமை கேட்டு வைத்தியம் பார்ப்பதில்லை. முகாம் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. முகாம் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

இது இன்னும் பக்கவாதம் ஆகவில்லை. ஆனால் விட்டுவைத்தால் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வருவது, ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்போம். கீழே சிறுநீர்ப்பை நிரம்பி முட்டினாலும் அவருக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும். ரத்தக்குழாய்கள் இறுகி பி.பி. ஏறுகிறது. 'தளர்த்து' என்று மூளை அனுப்பும் உத்தரவு காயத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. இவர்களுக்கு வழக்கமான பி.பி.யே 100 பக்கம்தான். அதிலிருந்து 20, 40 கூடினாலே ஆபத்து. 170 சின்ன விஷயமில்லை.

மறுபடி வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, கைலி முடிச்சைத் தளர்த்துங்கள். அப்புறம் டியூபை ஆரம்பத்திலிருந்து பை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். தொடைக்கடியில் மடங்கியிருக்கும், அல்லது பை நிரம்பியிருக்கும். இரண்டும் இல்லாமல் சிறுநீர் வராவிட்டால் டியூப் அடைத்திருக்கிறது, உடனே மாற்றவேண்டும். டியூப் சரியென்றால் பெரும்பாலும் மலச்சிக்கல். பொதுக் கழிப்பறை வரிசைக்குப் பயந்து நாள் தள்ளுகிறீர்களா? பத்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108.

மெடிக்கல் மாத்திரையைத் தொடவே வேண்டாம். காரணம் உள்ளேயே இருக்கும். பி.பி. மாத்திரையாக இருந்தால், அந்தக் காரணம் விலகும்போது மாத்திரை வேகத்தில் பி.பி. அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

கால் உதறல் தசை இறுக்கம்தான். டியூப் போட்டவர்களுக்குச் சிறுநீர் கலங்குவது சகஜம். ஆனால் உதறலும் இந்தத் தலைவலியும் சேர்ந்து வந்தால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், காய்ச்சல் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

ஒரு சீட்டில் காயம் எந்த மட்டம், வழக்கமான பி.பி. எவ்வளவு, இந்தப் பிரச்சினையின் பெயர் மூன்றையும் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். இரவு டியூட்டி டாக்டர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார், சாதாரண பி.பி. ஏற்றம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடப் போகிறார்.