வாசகர் கேள்வி-பதில்: பனிமேட்டில் பல்டி

கே: பனிமேட்டிலிருந்து தாவிப் பறந்து வித்தை காட்டும் 'பிக் ஏர்' பனிச்சறுக்குப் போட்டியில் '1620' என்கிறார்களே, அது மதிப்பெண்ணா?

ப: இல்லை, பாகைக் கணக்கு. ஒரு முழுச் சுற்று 360 பாகை. அப்படியானால் 1620 என்பது நாலரைச் சுற்று, 1800 என்பது ஐந்து. கூடவே 'டபுள் கார்க்' என்றால், பம்பரம்போல் நேராகச் சுற்றாமல் அச்சு சாய்ந்து, உடல் இரண்டு முறை கவிழ்ந்து நிமிர்கிறது. முன்னோக்கிக் கிளம்பி நாலரைச் சுற்று சுற்றினால் முதுகு காட்டித்தான் இறங்க வேண்டும். காலில் பூட்டும் நீண்ட சறுக்குப் பட்டைகளான இந்த ஸ்கீகளின் வால்முனையும் மேலே வளைந்திருப்பது அதற்காகத்தான்.

கே: 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கையில் பதக்க வாய்ப்பு இருந்தும் சீன வீராங்கனை அய்லீன் கூ ஏன் கடைசித் தாவலில் அப்படித் துணிந்தார்?

ப: மூன்று தாவல்களில் சிறந்த இரண்டைக் கூட்டுவார்கள், அந்த இரண்டும் ஒரே திசைச் சுழற்சியாக இருக்கக் கூடாது. இரண்டு தாவல்கள் முடிவில் பிரான்ஸின் டெஸ் லெதூ 94.50, 93.00 என்று 187.50 வைத்திருந்தார். கூவிடம் இருந்தவை 93.75, 88.50. தங்கம் வேண்டுமானால் அந்த 88.50-ஐத் தள்ளிவிட்டு 93.75-க்கு மேல் எடுத்தாக வேண்டும். பழகிய வித்தையை இன்னும் அழகாகச் செய்தால் வெள்ளிக்கோ வெண்கலத்துக்கோ போதும், தங்கத்துக்குப் போதாது. அதுவரை எந்தப் போட்டியிலும் செய்யாத, இடப்பக்கம் சுழலும் டபுள் கார்க் 1620-ஐ எடுத்தார். கிடைத்தது 94.50, மொத்தம் 188.25. வித்தியாசம் முக்கால் புள்ளி! லெதூவின் கடைசித் தாவல் அதை எட்டவில்லை.

கே: ஒரே வித்தைக்கு இருவருக்கு வேறு வேறு மதிப்பெண் ஏன்?

ப: சுற்றை எண்ணுவது நம் வேலை, நடுவர்கள் கையைப் பார்க்கிறார்கள். பறக்கும்போது ஸ்கீயையோ, இரு காலையும் பூட்டும் ஸ்னோபோர்டு பலகையையோ பிடிப்பதற்கு 'கிராப்' என்று பெயர். உறுதியாகப் பிடித்து வைத்திருந்தால் ஒரு மதிப்பு, தொட்டுவிட்டு விட்டால் வேறு மதிப்பு. இறங்கும்போது கை பனியில் உரசினாலும் புள்ளி போகும். ஆறு நடுவர்கள் நூற்றுக்குப் போடுவதில் உச்சத்தையும் அடியையும் நீக்கி, மீதி நான்கின் சராசரியை எடுப்பார்கள்.

கே: அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் கால் முறிவதில்லையே?

ப: இறங்குமிடம் சமதரை அல்ல, செங்குத்தான சரிவு. வந்து விழும் கோணத்தோடு சரிவு ஒத்துப்போனால் அடி பரவி, சறுக்கலாக மாறிவிடும். வேகம் குறைந்தால் சரிவு தொடங்கும் முன்னுள்ள மேட்டில் மோதுவார்கள். இதற்கு 'நக்கிள்' என்று பெயர், முழங்காலுக்கு எமன். வேகம் கூடினால் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் விழுவார்கள். எதிர்க்காற்று, இளகிய பனி, சரியில்லாத மெழுகுப் பூச்சு, எதுவும் வேகத்தைக் கெடுக்கலாம்.

இன்னொரு பிழை, தாவிக் கிளம்பும் மேட்டின் முனையை விட்டு நீங்கும் முன்பே உடலைத் திருப்புவது. ஸ்கீயின் விளிம்பு வழுக்கி அச்சே கோணிப்போகும். முனையை விட்ட பிறகு புதிதாகச் சுழலுந்தம் (சுழலும் உடலில் இருக்கும் உந்தம்) சேர்க்க வழியில்லை. கைகாலை ஒடுக்கிச் சுழற்சியை வேகப்படுத்தலாம், விரித்துத் தணிக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் புது வித்தையை முதலில் டிராம்போலினிலும் காற்றுப்பையிலும் பழகிவிட்டுப் பனிக்கு வருகிறார்கள்.