முட்டுச்சந்தும் இட்டேரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் சரவணம்பட்டிக்கு அப்பால், புதிதாகச் சைட் பிரித்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். மொட்டை மாடியில் நின்றால் என் மகள் படிக்கும் பள்ளியின் மைதானம் தெரிகிறது. ஆனால் எங்கள் தெரு மதில்சுவரில் முட்டி நின்றுவிடுவதால், சத்தி ரோட்டுக்குப் போய் 2 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. தெரு முட்டுவதால்தான் குழந்தைகள் பயமில்லாமல் விளையாடுகிறார்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். சத்தி ரோட்டை அகலப்படுத்தினால் இது தீருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீராது. பாலுக்கும் மாத்திரைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற அத்தனை பேரும் ஒரே சாலையில் வந்து விழும்படி தெருக்கள் அமைந்திருக்கையில், அந்தச் சாலை எவ்வளவு அகலமானாலும் நிரம்பிவிடும்.

காந்திபுரத்தில் எண் போட்ட வீதிகளில் நடந்து பாருங்கள். ஒன்று அடைபட்டால் அடுத்ததில் திரும்பிக்கொள்ளலாம். ஆர்.எஸ். புரமும் அப்படித்தான். இன்றைய ஊர் விளிம்பில் நடப்பது வேறு. ஒரு தோட்டம் கைமாறுகிறது. வாங்கியவர் தம் எல்லைக்குள் மட்டும் ரோடு போட்டு, கல் நட்டு விற்றுவிடுகிறார். பல வருடம் கழித்துப் பக்கத்துத் தோட்டமும் சைட் ஆகும்போது அதன் ரோடு வேறு பக்கம் பார்த்து நிற்கிறது. கிளுவை வேலி இருந்த இடத்தில் மதில் எழும்புகிறது. இரு பக்கமும் வேலி வைத்து, யாருடைய தோட்டத்தையும் மிதிக்காமல் நம்மை அடுத்த ஊருக்குக் கொண்டுபோன இட்டேரிகள்தான் இந்த மண்ணின் இணைப்புச் சாலைகளாக இருந்தன. அவற்றை மனைகளுக்குள் கரைய விட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

இது கோவைக்கு மட்டும் வந்த கேடல்ல. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகத் தெருக்களின் வரைபடத்தை அலசி 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975 முதல் உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்கள் ஒன்றோடொன்று இணைவது குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்காவில் இந்தப் போக்கு 1994 வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியதாக அவர்களே 2015-இல் காட்டியிருந்தார்கள். ஆகவே திருத்திக்கொள்ள முடியும். ஆனால் புதிதாகப் போடும் தெருக்களில்தான் அது எளிது. வீட்டை இடித்துக் கட்டலாம், தெருவின் தடம் அவ்வளவு சுலபமாக மாறாது.

உங்கள் அக்கம்பக்கத்தாரின் கவலை நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் கார் முட்டி நிற்கும் பல தெருக்களில் நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் கடந்துபோகப் பாதை விட்டிருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் இப்படியொரு மதிலின் அடியில் யாரோ இரண்டு ஹாலோ பிளாக்கை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் பிள்ளைகள் புத்தகப்பையை முதலில் அந்தப் பக்கம் போட்டுவிட்டுப் பிறகு ஏறிக் குதிக்கிறார்கள். கைபட்டுக் கைபட்டு மதிலின் மேல்விளிம்பில் பூச்சு உதிர்ந்து செங்கல் வழவழப்பாகிவிட்டது. பாதை எங்கே வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் ரோடுகள் தானப்பத்திரம் வழியாக உள்ளாட்சிக்குச் சேர்ந்துவிடுகின்றன. உங்கள் தெருவும் மதிலுக்கு அப்பால் உள்ள தெருவும் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவையா என்று பாருங்கள். இரண்டும் பொதுச்சாலைகளாக இருந்தால், அக்கம்பக்கத்தாரின் கையெழுத்தோடு மதிலில் ஆறடி வழி கேட்டு மனுக் கொடுங்கள். கார் நுழையாதபடி நடுவில் ஒரு கல் நடவும் அதிலேயே கேளுங்கள்.